டிம் அடித்தால் தோற்றோம்: ஹெட்லைட் பயன்படுத்த ஓர் எளிய கையேடு

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வகுப்புகள் பெரும்பாலும் விடியற்காலையில் ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் டெஸ்ட்டும் பகலில்தான். கிளட்ச், கியர், 'எச்' போடுவது, ஜன்னல் வழியே கையை நீட்டி சிக்னல் காட்டுவது எல்லாம் கேட்பார்கள். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குச்சியை முன்னே தள்ளினால் என்ன ஆகும், இழுத்தால் என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆகவே நம்மில் லைசென்ஸ் வைத்திருக்கும் அத்தனை பேரும் பகலில் ஓட்ட மட்டுமே பாஸ் செய்தவர்கள். இரவுப் பாடத்தை ரோட்டில், எதிரே வருபவர்களிடம் படித்துக்கொள்கிறோம்.

அந்தக் குறையைப் போக்கவே இந்தக் கையேடு. நம் சாலைகளில் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்ட நடைமுறைகளைத் திரட்டி, புதிதாகக் கார் வாங்கியவருக்கும் புரியும்படி தந்திருக்கிறோம். சட்டப் புத்தகத்தில் உள்ளவையும் ஆங்காங்கே தலைகாட்டும். பயப்பட வேண்டாம், பரீட்சைக்கு வராது.

அடிப்படைக் கொள்கையை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஹெட்லைட் நாம் ரோட்டைப் பார்ப்பதற்காக வைத்தது என்று சிலர் நினைக்கிறார்கள். நாம் வருவதை ரோடு பார்ப்பதற்காக வைத்தது அது. இது புரிந்துவிட்டால் மீதியெல்லாம் தானாக வரும்.

குச்சியும் நீல விளக்கும்

பெரும்பாலான கார்களில் குச்சி வலக்கைப் பக்கம் இருக்கும். சில ஐரோப்பிய கம்பெனிக் கார்களில் இடப்பக்கம். அதை வாங்கியவர்கள் முதல் மாதம் முழுக்க இண்டிகேட்டர் போடுவதாக நினைத்துக் கொளுத்தும் வெயிலில் வைப்பரை ஓட்டுவார்கள், அது தனிக்கதை. குச்சியின் நுனியைத் திருகினால் முதலில் சின்ன விளக்கு, அப்புறம் ஹெட்லைட். முன்னே தள்ளினால் பிரைட். நம் பக்கம் இழுத்து விட்டால் பளிச்சென்று ஒரு வெட்டு.

பிரைட்டில் போட்டதும் மீட்டருக்குள் நீலமாக ஒரு சின்ன விளக்கு எரியும். டிம்முக்குப் பச்சை. 'எதிரே ஆள் இருந்தால் உன்னால் தொல்லை' என்று ஓட்டுபவருக்கு ஞாபகப்படுத்துவதற்காக எந்தக் கம்பெனி காராக இருந்தாலும் அதே நீலத்தில் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அதன் பொருள் வேறு: லைட் நன்றாக எரிகிறது. நீலம் தெரியவில்லை என்றால் ஏதோ ஃபியூஸ் போய்விட்டது என்று கொண்டு, உடனே குச்சியை முன்னே தள்ளவும். ஒருமுறை தள்ளிவிட்டால் போதும். அடுத்த சர்வீஸ் வரை அதில் கை வைக்க வேண்டியதில்லை.

தெருவிளக்கு பகலாகக் காய்கிற அண்ணா சாலையிலும் பிரைட்டிலேயே போகலாம். சிக்னலில் நிற்கும்போது முன்னால் இருக்கும் காரின் கண்ணாடி வழியாக உங்கள் வெளிச்சம் அந்த ஓட்டுநரின் கண்ணுக்குள் போகும். அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டால் சரியாகப் பட்டிருக்கிறது என்று அறியலாம். காருக்குள் நடுவில் இருக்கும் கண்ணாடியின் அடியில் சின்னதாக ஒரு நாக்கு இருக்கும். அதைத் தட்டினால் கண்ணாடி சாய்ந்து பின்னால் வரும் வெளிச்சம் மங்கிவிடும். அவருக்கு அது தெரியாது, கவலை வேண்டாம். அந்த நாக்கில் அவர் திருப்பதியில் வாங்கிய கயிறு ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார்.

செட்டிங்

வேலைவெட்டி இல்லாதவர்கள் லைட்டைச் சரிசெய்யும் முறை ஒன்று உண்டு. தெரிந்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை. மேடுபள்ளம் இல்லாத இடத்தில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் காரை நேராக நிறுத்துவார்கள். நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்க வேண்டும். டிக்கியில் அரிசி மூட்டை இருக்கக் கூடாது. டிரைவர் சீட்டில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். தரையிலிருந்து ஹெட்லைட்டின் நடுப்புள்ளி எவ்வளவு உயரம் என்று டேப்பால் அளந்து, சுவரில் அதே உயரத்தில் ஒரு கோடு. அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. டிம்மில் போட்டால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு கீழ்க்கோட்டில் வந்து நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் பானெட்டைத் திறந்து, ஹெட்லைட்டின் முதுகில் இருக்கும் திருகைத் திருகி அங்கே கொண்டுவருவார்கள். 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இறக்கம் என்றால் நூற்றுக்கு ஒன்று. 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிற லைட்டின் வெளிச்சம் அந்தக் கணக்கில் 70 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும்.

சுவரை உற்றுப் பார்த்தால் இன்னொன்று தெரியும். அந்த விளிம்பு ஒரே மட்டமாக இருக்காது. இடது கோடியில் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். கோளாறு என்று ஷோரூமுக்குப் போய்ச் சண்டை போட வேண்டாம். இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கென்று செய்த லைட் அப்படித்தான் இருக்கும். எதிரே வருபவர் இருக்கும் வலப்பக்கம் வெளிச்சம் தணிந்து போகும். நடப்பவரும் சைக்கிள்காரரும் இருக்கும் இடப்பக்க ஓரத்தில் தூக்கலாக விழும். ஒரு கண்ணாடிக் குண்டானுக்குள் இவ்வளவு யோசித்தவர்கள் நம் மெக்கானிக்கின் ஸ்க்ரூ டிரைவரைப் பற்றி யோசிக்கவில்லை.

நம் முறை சுலபம். இருட்டுகிற நேரம் பார்த்து ஒர்க் ஷாப்புக்குப் போய், "தம்பி, லைட்டு பத்தல" என்று சொன்னால் போதும். தம்பி சுவரைத் தேட மாட்டார், டேப்பை எடுக்க மாட்டார். திருகை நாலு சுற்று சுற்றுவார். எதிர்ப்புறம் உள்ள வேப்பமரத்தின் உச்சிக்கிளை தெரிந்ததும், "இப்பப் பாருங்க சார்" என்பார். மரத்தில் அடைந்திருந்த காக்கைகள் விடிந்துவிட்டதென்று எழுந்து பறந்தால் செட்டிங் முடிந்தது.

உண்மையில் காக்கை வரை போகத் தேவையே இல்லை. சரியாக இருந்த லைட்டை ஒரே ஒரு டிகிரி மேலே ஏற்றினால், 50 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் 87 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். கெண்டைக்கால் உயரத்தில் இருக்க வேண்டிய விளிம்பு எதிர்க்காரின் ஸ்டியரிங்குக்கு வந்துவிடும். இன்னும் சற்றுத் தள்ளினால் முகம்.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இதைத் தம் பாணியில் சொல்கின்றன. 106-ஆம் விதியின்படி, வண்டிக்கு 8 மீட்டர் முன்னால், அதன் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் விலகி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் ஒருவருடைய கண் இருந்தால் அந்தக் கண் கூசக் கூடாது. 105-ஆம் விதியோ, ராத்திரியில் 155 மீட்டர் வரை ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரியும்படி விளக்கு எரிய வேண்டும் என்கிறது. நம்மவர்கள் 105-ஐப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடியவர்கள். லாரிக்கும் டாக்சிக்கும் எஃப்.சி. காட்டுகிற அன்றைக்காவது யாராவது லைட்டைப் பார்ப்பார்கள். சொந்தக் காருக்கு முதல் 15 வருஷம் அந்தத் தொல்லையும் கிடையாது.

ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், முட்டிக்கு மேலே, 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு சக்கரம் பல கார்களில் இருக்கும். இதை ஏ.சி. என்று நினைத்துத் திருகியவர்கள் உண்டு. பின் சீட்டில் ஆட்கள் ஏறி, டிக்கியில் சாமான் ஏறினால் காரின் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கிக்கொள்ளும். கூடவே லைட்டும் தூக்கும். அதை இறக்கத்தான் இந்தச் சக்கரம். நீங்கள் மட்டும் போனால் 0. சீட்டெல்லாம் நிறைந்தால் 1. சாமானும் சேர்ந்தால் 2 அல்லது 3. எண் ஏற ஏற வெளிச்சம் தாழும். ஃபேன் ரெகுலேட்டரில் வளர்ந்த நமக்கு இது ஏற்புடையதல்ல. தனியாகப் போகும்போது 3-இல் வைத்துவிட்டு லைட் மங்கலாக இருக்கிறதென்று குறைபட்டுக்கொள்ளவும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது ஆறு பேரையும் முறுக்கு டின்னையும் ஏற்றிக்கொண்டு 0-க்குக் கொண்டுவரவும்.

பல்பு மாற்றுதல்

குறைபட்டுக்கொண்டவர்கள் அடுத்துப் போக வேண்டிய இடம் ஆக்சசரீஸ் கடை. சென்னையில் ஜி.பி. ரோடு, மற்ற ஊர்களில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் எங்காவது இருக்கும். கம்பெனியில் போட்டுத் தந்த ஹாலஜன் பல்பு 60/55 வாட். பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55. கடைக்காரர் அதைக் கழற்றி, பார்க்கவே பாவமாக இருக்கிறது என்ற முகத்துடன் மேசை மேல் வைப்பார்.

"இதெல்லாம் ஒரு பல்பா சார்? 100/90 போட்ருங்க. இல்ல, எல்.இ.டி. போட்ருங்க. ரோட்டுல ஊசி கெடந்தாக்கூடப் பொறுக்கலாம்."

"ஒயரு தாங்குமா தம்பி?"

"அதுக்குத்தான் ரிலே இருக்கே சார்."

எதிரே வருபவர் தாங்குவாரா என்ற கேள்வி இந்த உரையாடலில் வருவதே இல்லை. அதற்கு ரிலே கிடையாது.

பழைய ஹாலஜன் பல்பைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். உள்ளே மயிரிழையாகச் சுருண்ட கம்பிகள் இரண்டு. டிம்முக்கான கம்பியின் அடியில் மட்டும் ஒரு குட்டிக் கரண்டி இருக்கும். கீழே போகும் வெளிச்சத்தை அது மறைத்து, மேல்பக்கம் போவதை மட்டும் குண்டானில் பட்டுத் தெறித்து ரோட்டுக்கு இறங்கும்படி விடுகிறது. அந்தக் கம்பி இருக்கும் இடத்தை வைத்துத்தான் குண்டானின் வளைவையே கணக்கிட்டிருக்கிறார்கள். மலிவு எல்.இ.டி.யில் வெளிச்சம் பிறக்கும் இடமும் வடிவமும் வேறு. பழைய குண்டானில் அதைச் செருகினால் சுவரில் விளிம்பே விழாது. எங்கும் வெள்ளையாக அப்பிக்கொள்ளும். காருக்கு முன்னால் பத்தடி ரோடு பால் கொட்டியது போல் ஜொலிக்கும். அந்தப் பளபளப்பில் உங்கள் கண்மணி சுருங்கிவிடுவதால் எழுபது மீட்டரில் நிற்கும் மாடு முன்பைவிட மங்கலாகத்தான் தெரியும். கடைக்காரர் சொன்னது சரிதான்: ஊசி தெரியும்.

எதிரில் வண்டி

இப்போது தேர்வு. திண்டிவனம் தாண்டி ஏதோ ஓர் இருவழிச்சாலை. நீங்கள் 80-இல் போகிறீர்கள். எதிரே ஒருவர் 80-இல் வருகிறார். இரண்டு பேருக்கும் நடுவே உள்ள தூரம் விநாடிக்கு 44 மீட்டர் குறைகிறது. 300 மீட்டரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் 7 விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். இந்த 7 விநாடிக்குள் ஒரு முழு வம்புச் சண்டையை ஆரம்பித்து, வளர்த்து, முடிக்க வேண்டும். அதற்கான வரிசை முறை பின்வருமாறு.

முதல் விதி, முதலில் டிம் அடிக்காதீர்கள். முதலில் டிம் அடித்தவர் பயந்தவர். அவரும் இதே கையேட்டைப் படித்தவராக இருப்பார் என்பதால் அவரும் அடிக்க மாட்டார். இரண்டாவது விநாடியில் நீங்கள் ஒருமுறை டிம் அடித்துத் திரும்பவும் பிரைட்டுக்கு வரலாம். 'நான் அடித்தேன், நீ ஏன் அடிக்கவில்லை' என்ற நியாயம் இதனால் உங்கள் பக்கம் சேரும். அவர் அடிக்கவில்லையென்றால் மூன்று முறை வெட்டிக் காட்டவும். அவர் பதிலுக்கு பம்பருக்கு மேலே பூட்டியிருக்கும் எல்.இ.டி. பட்டையைப் போடுவார். இந்தக் கட்டத்தில் இருவருக்கும் ரோடு தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை; யார் பெரியவர் என்பது முடிவாகிக்கொண்டிருக்கிறது. ஐந்தாவது விநாடியில் கெட்ட வார்த்தை. கண்ணாடி ஏற்றியிருப்பதால் அது உங்கள் குடும்பத்துக்கு மட்டும் கேட்கும்.

அவர் கடந்து போனபிறகு கொஞ்ச நேரம் முன்னால் எதுவும் தெரியாது. இருட்டுக்குப் பழகிய கண் அந்தப் பழக்கத்தை முழுதாகத் திரும்பப் பெற அரை மணி நேரம்கூட ஆகும். ஓரளவுக்காவது தெரிவதற்கே சில விநாடிகள் வேண்டும். 80-இல் போகிற கார் 3 விநாடிக்கு 66 மீட்டர் ஓடும். அந்த 66 மீட்டரை மனப்பாடமாக ஓட்ட வேண்டும். வயது ஏறினால் இந்த நேரமும் ஏறும். கண்ணில் புரை விழ ஆரம்பித்தவர்களுக்கு லைட் ஒரு புள்ளியாகத் தெரியாமல் முகம் பூராவும் சிதறும். கிராமத்து மினி பஸ்ஸில் அறுபதை நெருங்கும் ஓட்டுநர் இடது கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர் உங்களுக்கு சல்யூட் வைப்பதாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒற்றை லைட்டோடு ஒரு வண்டி வந்தால் அது பைக் என்று முடிவு கட்டிவிடுங்கள். வலப்பக்க பல்பு போன லாரியாகவும் இருக்கலாம்தான். பக்கத்தில் வந்ததும் தெரிந்துவிடும்.

வெட்டுமொழி

குச்சியை இழுத்து வெட்டுவதற்கு நம் நாட்டில் இலக்கணம் ஒன்று உருவாகியிருக்கிறது. பிரிட்டனில் எதிரே வரும் கார் லைட்டை வெட்டினால் 'நீங்கள் போங்கள்' என்று பல ஓட்டுநர்கள் எடுத்துக்கொள்வார்கள். இங்கே அதற்கு நேர் எதிர்: 'நான் வருகிறேன், நீ நில்.' லண்டனில் சில வருஷம் ஓட்டிவிட்டுத் திரும்பிய உறவினர் யாராவது வந்தால் சாவி கொடுப்பதற்கு முன் இதைச் சொல்லிவிடுங்கள். மற்றபடி, பின்னாலிருந்து ஒரு வெட்டு என்றால் வழி விடு. இரண்டு வெட்டு, வழி விடப்போகிறாயா இல்லையா. எதிரே வருபவர் பகலில் வெட்டினால் முன்னே செக்கிங் நடக்கிறது, சீட் பெல்ட்டைப் போடு. நம் சாலைகளில் முன்பின் தெரியாத ஒருவர் இன்னொருவருக்குச் செய்யும் உதவி என்று பார்த்தால் இது ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது.

லாரிகளின் முதுகில் ராத்திரியில் டிப்பர், அதாவது டிம், போடச் சொல்லி எழுதியிருக்கும். வடக்கே இது இன்னும் அதிகம். 2016-இல் டாடா மோட்டார்ஸ் லாரி ஓட்டுநர்களுக்கான எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக அதே வாசகத்தை வைத்துக்கொண்டு 'டிப்பர்' என்று ஓர் ஆணுறையே கொண்டுவந்தது. டிம் அடிப்பதைக் காட்டிலும் அதை விளக்குவது சுலபம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

நான்குவழிச் சாலைக்காரர்கள் நம்மைத் திருத்தும் முயற்சியை எப்போதோ கைவிட்டு, நடுவில் அரளி நட்டுவிட்டார்கள். விழுப்புரத்திலிருந்து திருச்சி வரை, கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் வரை, சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்து நிற்பது அழகுக்கு மட்டும் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். ஆடுமாடு கடிக்காது, தண்ணீர் அதிகம் கேட்காது, ஆள் உயரம் வளர்ந்து எதிர்ப்பக்க லைட்டை மறைக்கும். சட்டத்தாலும் பிரசாரத்தாலும் ஆகாததை ஒரு விஷச்செடி செய்துகொண்டிருக்கிறது. கோடையில் அது காய்ந்த இடத்திலும், 'யு' டர்னுக்காக வெட்டிவிட்ட இடத்திலும் மட்டும் நம் பழைய பண்பாடு எட்டிப் பார்க்கும்.

இருசக்கர வாகனக்காரர்களுக்குத் தனி அறிவுரை தேவைப்படுகிறது. 2017 ஏப்ரலிலிருந்து புது பைக், ஸ்கூட்டர்களில் என்ஜின் ஓடினாலே லைட் எரியும். அணைக்க ஸ்விட்ச் கிடையாது. பகலிலும் பைக் வருவது கண்ணில் பட வேண்டும் என்று மத்திய அரசு கொண்டுவந்த ஏற்பாடு. ஆனாலும் இன்றுவரை எதிரே வரும் பெரியவர் கையைத் தூக்கி, ஐந்து விரலையும் குவித்துக் குவித்து விரித்து, 'லைட்டு எரியுது' என்று காட்டிவிட்டுத்தான் போகிறார். அவருக்கு விளக்கிச் சொல்ல வண்டியை நிறுத்த முடியாது. நன்றியாகத் தலையை ஆட்டிவிட்டு, இல்லாத ஸ்விட்சை அணைப்பதாக நடித்தால் இருவருக்கும் நிம்மதி. இதே பெரியவர் ராத்திரி பிரைட்டில் வரும்போது நீங்கள் அதே சைகையைக் காட்டினால் என்ன ஆகும் என்று முயன்று பார்க்க வேண்டாம்.

மழைக்கும் பனிமூட்டத்துக்கும் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நனைந்த ரோடு வெளிச்சத்தை உங்களிடம் திருப்பாமல் எதிரே வருபவரிடம் தள்ளிவிடும். ஏற்காட்டு மேகத்திலும் போகிப் புகையிலும் பிரைட் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். தணிவாகப் பரவும் ஃபாக் லைட்டும் டிம்மும்தான் அங்கே உதவும். ஆனால் ஃபாக் லைட்டை வருஷம் முழுக்க, பங்குனி வெயில் தணியாத வேலூரிலும் போட்டுக்கொண்டு போவதுதான் நம் மரபு. ஓடிக்கொண்டிருக்கும்போது நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போடுவதற்கு முழு அனுமதி உண்டு. 'நேராகப் போகிறேன்', 'மழை பெய்கிறது', 'பக்கத்தில் கல்யாண மண்டபம்' மூன்றுக்கும் அதே சைகை.

கொஞ்சம் புதிய காராக இருந்தால் பகலிலேயே முன்னால் வெள்ளையாக ஒரு கீற்று எரியும். மீட்டரும் எந்நேரமும் ஒளிரும். அந்தி நேரத்தில் இவை இரண்டையும் பார்த்து லைட் போட்டாகிவிட்டது என்று நம்பி, ஹெட்லைட் ஸ்விட்சைத் தொடாமலே நகரத்தைக் கடந்துவிடலாம். முன்பக்கம் ஜெகஜோதியாக இருக்கும். பின்பக்கம் சிவப்பு விளக்கு எரியாது. பின்னால் வரும் லாரிக்காரர் உங்கள் காரை வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கட்டும்.

ஆயுத பூஜையன்று ஹெட்லைட்டுக்கு மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம் வைக்கிறோம். தொழில்நுட்ப ரீதியாக நாம் ஹெட்லைட்டுக்குச் செய்யும் ஒரே உருப்படியான காரியம் இது. ஒரு காலத்தில் லாரி, பஸ் ஹெட்லைட்டுகளின் நடுவே கறுப்புப் பெயின்ட்டில் வட்டம் போட்டிருப்பார்கள், கூச்சத்தைக் குறைக்க. சாலைப் பாதுகாப்பு வாரத்தில் போலீஸ்காரர்கள் சுங்கச்சாவடியில் வண்டியை நிறுத்திக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதும் அதே காரணத்துக்குத்தான். ஸ்டிக்கரை அடுத்த டீக்கடையில் உரித்துவிடுகிறோம். சந்தனத்தை உரிக்க மனம் வராது. ஐப்பசி மழை கழுவும் வரை எதிரே வருபவர்கள் அம்பாள் புண்ணியத்தில் கொஞ்சம் கண் திறந்து ஓட்டுகிறார்கள். கண்ணாடி மஞ்சள் பாரித்துப் போனால் பேஸ்ட்டைப் போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள். பலிக்கும், கொஞ்ச நாளைக்கு. வெயில் தாங்கும் மேல்பூச்சு ஏற்கெனவே போய்விட்டதால் திரும்பவும் மஞ்சளாகும். வீட்டில் பேஸ்ட்டும் தீர்ந்துவிடும்.

யாரும் இல்லாத ரோடு

பிரைட்டே போடக் கூடாதா என்று கேட்பவர்களுக்கு: போட வேண்டும். எதிரிலும் முன்னாலும் வண்டி இல்லாத இருட்டு ரோட்டில் கட்டாயம் போட வேண்டும். சரியாகச் செட் செய்த டிம் 70 மீட்டர் வரை காட்டும் என்று பார்த்தோம். 80-இல் போகும்போது திடுக்கிட்டு, பிரேக்கில் கால் வைத்து, கார் நிற்பதற்கும் ஏறக்குறைய அதே 70 மீட்டர் ஆகும். 100-இல் போனால் நூறை நெருங்கும். அப்போது டிம் காட்டும் தூரத்துக்குள் உங்களால் நிறுத்தவே முடியாது. ஆக, டிம்முக்கு மாறினால் வேகத்தையும் குறைக்க வேண்டும். டிம் அடிப்பதில் நமக்கு இருக்கும் நிஜமான கஷ்டம் இதுதான் என்று நினைக்கிறேன். கௌரவத்தை விட்டாலும் விடுவோம், எண்பதை விட மாட்டோம்.

தை மாதம் குன்றக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்களை ராத்திரியில் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். பகல் வெயிலுக்குப் பயந்து இருட்டில்தான் அதிகம் நடப்பார்கள். பச்சை வேட்டி, காவி வேட்டி. ராத்திரியில் இரண்டும் ஒரே நிறம். முதுகுப் பையில் யாராவது ஒட்டிவிட்ட மின்னும் ஸ்டிக்கர் இருந்தால் உண்டு. எதிரே பிரைட்டில் ஒரு கார் வரும்போது அந்த வெளிச்சத்துக்கு ஓரமாக நடந்துகொண்டிருக்கும் பத்துப் பேர் உங்கள் கண்ணுக்கு இருக்கவே மாட்டார்கள். அந்தக் கார் கடந்தபிறகுதான் திரும்ப முளைப்பார்கள், கதவுக்குப் பக்கத்தில். ஆவணியில் கடற்கரைச் சாலை வழியாக வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களுக்கும் இதே கதி. 155 மீட்டர் என்று விதியில் எழுதியவர் இவர்களையும் நினைத்துத்தான் எழுதியிருப்பார். 106-ஐ எழுதியதும் இவர்களுக்காகத்தான், எதிர்க்காரருக்காக மட்டுமல்ல.

இவ்வளவுக்குப் பிறகும் டிம் அடித்தே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு செய்முறை. எதிரே வெளிச்சம் தெரிந்ததும் குச்சியை ஒரு சொடுக்கு நம் பக்கம் இழுக்க வேண்டும். நீலம் அணையும். ஆக்சிலரேட்டரிலிருந்து கொஞ்சம் காலைத் தளர்த்த வேண்டும். எதிர்க்காரர் அடிக்கவில்லையென்றால் அவர் லைட்டைப் பார்க்காமல் ரோட்டின் இடது ஓரக் கோட்டைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அவர் கடந்ததும் குச்சி திரும்ப முன்னே. ஒரு வண்டியின் பின்னால் நெருங்கிப் போகும்போதும் டிம்தான். சில புதிய கார்கள் எதிரே வெளிச்சம் வந்தால் தாமாகவே டிம் ஆகும். அதை நம்பாமல் முதல் வாரமே அணைத்துவைத்தவர்கள் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

இதில் கைக்கு வேலை ஒன்றும் இல்லை. பக்கத்துச் சீட்டில் இருக்கும் மாமனார்தான் பிரச்சினை.

"என்ன மாப்ள, லைட்டக் கொறச்சுட்டீங்க? அவன் போட்டுட்டுத்தான வர்றான்?"

இங்கே விதி எண் சொல்லக் கூடாது. எதிரே வருபவரின் கண்ணைப் பற்றியும் பேசக் கூடாது. மாமனாரிடம் எடுபடக்கூடிய வாதம் ஒன்றுதான் இருக்கிறது.

"பிரைட்லயே போட்டா பல்பு போயிரும் மாமா. ஒண்ணு ஆயிரத்து ஐந்நூறு ரூபா."

சுத்தப் பொய். ஆனால் அடுத்த வண்டி வளைவில் தலைகாட்டும் முன்பே அவர் உங்கள் முழங்கையைத் தட்டுவார். "மாப்ள, டிம்மு, டிம்மு." ஊர் போய்ச் சேரும்வரை தட்டிக்கொண்டே இருப்பார். எதிரே வருபவன் பிரைட்டில் வந்தால், "பல்பு போகப் போவுது பாரு இவனுக்கு" என்று அவனுக்காகவும் கவலைப்படுவார்.